அம்மா வீட்டுப் பின்னறையைக் காலி செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது?

வண்ணை_மேற்கு எழுதியது:

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்த தாத்தா வாங்கியது. மரச்சட்டம் வைத்த மெட்ராஸ் டெரஸ் கூரை, வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அறைகள். கடைசியில் இருப்பதைப் பின்னறை என்போம், அதில் இப்போது ஆள் நுழைய முடியாது. என் மகள் பத்தாவது படிக்கிறாள், அவளுக்கு ஒரு மேசை நாற்காலி போட அந்த அறையை விட்டால் வேறு இடம் இல்லை, வீட்டில் அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், கல்யாணம் ஆகாத தம்பி என்று ஆறு பேர்.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு பெரிய பித்தளை அண்டா, அக்காக்கள் இரண்டு பேருக்கும் கொடுத்து அவர்கள் எடுத்துப் போகாத சீர்ப் பாத்திரம், பேர் வெட்டின எவர்சில்வர் குடங்கள், கலைஞர் ஆட்சியில் கொடுத்த கலர் டிவி, அம்மா ஆட்சியில் கொடுத்த கிரைண்டர் (அட்டைப்பெட்டியே பிரிக்கவில்லை), அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்து ஃபைல்கள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய, இலவம்பஞ்சு மெத்தைகள், பெரியக்கா பையனின் மூன்று சக்கர சைக்கிள் (அவன் இப்போது வேலைக்குப் போகிறான்), அண்ணன் மஸ்கட்டிலிருந்து கொண்டு வந்த விசிஆர், யார் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த சுவர்க் கடிகாரங்கள், ஹார்லிக்ஸ் பாட்டில், ஜவுளிக்கடைப் பைகள், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், தையல் மிஷின், கேரம் போர்டு. இன்னும் பரண் மேல் இருப்பதை நான் பார்க்கவே இல்லை.

எதைத் தொட்டாலும் அம்மா, "அது உன் தலை மேலயா இருக்குது, இருக்கட்டும் வுடு" என்கிறார். போகிக்கு எல்லாவற்றையும் வெளியே போட்டுக் கொளுத்திவிடலாம் என்று தம்பி ஒரு தரம் விளையாட்டாகச் சொன்னதற்கு அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டார். என் மனைவி இந்த விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. வீடியோக்களில் வருகிற மாதிரி வெள்ளைச் சுவரும் ஒற்றைப் பூச்சாடியும் எங்களுக்கு வேண்டாம். எதை வைத்துக்கொள்வது, எதை யாருக்குக் கொடுப்பது, காகிதங்களில் எது முக்கியம், அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று இதே மாதிரி வீட்டில் இருந்து பார்த்தவர்கள் சொன்னால் உபயோகமாக இருக்கும்.

தண்டையார்பேட்டை_தேவி எழுதியது:

தம்பி, உங்கள் பட்டியலை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சீர்ப் பாத்திரம் அக்காக்களுடையது. சைக்கிள் அக்கா பையனுடையது, விசிஆர் அண்ணனுடையது, ஃபைல்கள் உங்கள் அப்பாவுடையது, கேரம் போர்டு யாருடையது என்று நீங்கள் சொல்லாததால் அது உங்களுடையதாகத்தான் இருக்கும். அம்மாவின் சொந்தப் பொருள் என்று பார்த்தால் அண்டாவும் தையல் மிஷினும்தான் என் கண்ணில் படுகிறது. கல்யாணம் ஆகியும் வேலை கிடைத்தும் போனவர்கள் எல்லோரும் வேண்டாததை அங்கே விட்டுவிட்டுப் போனார்கள், அவர் வாடகை வாங்காத கோடவுன் மாதிரி அதற்குக் காவல் இருக்கிறார், கடைசியில் "எல்லாத்தையும் சேத்து வெச்சிருக்கே" என்ற பேச்சும் அவருக்குத்தான். கோபம் வராமல் என்ன செய்யும்?

எங்கள் வீட்டில் நான் செய்தது இதுதான். எதையும் வெளியே எடுக்கவில்லை. ஒரு மார்க்கர் பேனாவும் மாஸ்கிங் டேப்பும் எடுத்துக்கொண்டு அம்மாவை நாற்காலி போட்டு நடுவில் உட்கார வைத்து, ஒவ்வொரு பொருளாக "இது யாருதும்மா" என்று மட்டும் கேட்டேன். வேணுமா வேணாமா என்று கேட்கவே இல்லை, கேட்டால் வேணும் என்றுதான் பதில் வரும். யாருடையது என்று கேட்டால் அவருக்கே சொல்ல ஆசை, கதையோடு சொல்வார், பொறுமையாகக் கேளுங்கள், பேரை எழுதி ஒட்டிக்கொண்டே போங்கள். முடிவில் அம்மாவின் பேர் போட்ட பொருள் மிகக் கொஞ்சமாக இருந்ததைப் பார்த்து எங்கள் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் பேர் போட்டவர்களுக்குப் போன் போடுங்கள். வீடியோ கால் போட்டுக் காட்டுங்கள், அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். "அக்கா, உன் குடம் எல்லாம் இங்கே இருக்குது, எடுத்துக்கிறியா, இல்லை கடையில் போட்டுப் பணத்தை உனக்கு அனுப்பவா" என்று நேராகக் கேளுங்கள். அக்கா வாயால் "வேணாம், போட்டுடு" என்று வந்துவிட்டால் அம்மாவின் பொறுப்பு அன்றோடு முடிந்தது. பொம்பளைப் பிள்ளையின் சீரை நாம் விற்றுவிட்டோம் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்பதுதான் அந்த வயதில் இருக்கிறவர்களுக்கு உள்ளுக்குள் இருக்கிற பயம், அதை அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள்.

கொழும்புக்கோ துபாய்க்கோ போனவர்கள் "நான் வந்து பார்த்துக்கிறேன்" என்பார்கள், அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தேதி சொல்லுங்கள். ஆடியில் கூழ் ஊற்றும்போது எப்படியும் அக்காக்கள் வருவார்கள் அல்லவா, அதற்குள் என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அண்டாவில் மட்டும் கை வைக்காதீர்கள். தெருவுக்குக் கூழ் காய்ச்ச அண்டா கேட்டு வருகிற வீடு உங்கள் வீடாக இருந்தால் (பட்டியலைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது) அது ஓடிக்கொண்டிருக்கிற சாமான். அதைக் கவிழ்த்து வைத்து மேலே பலகை போட்டால் அதுவே ஒரு மேடை ஆயிற்று.

ராயபுரம்_ரிட்டயர்டு எழுதியது:

தேவி அம்மா சொன்னது சரி. நான் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைலோடு குடித்தனம் நடத்தியவன்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியை யாரும் அப்படியே எடைக்குப் போட்டுவிட வேண்டாம். அதை எடுத்து வந்து ஹாலில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, தரையில் பரப்புங்கள். முதலில் வீட்டுப் பத்திரம். தாத்தா வாங்கிய கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், பட்டா, தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அப்பாவுடையதும் அதே மாதிரி. இதில் ஒன்று குறைந்தாலும் பின்னால் வீட்டை விற்கவோ, பாகம் பிரிக்கவோ, பேங்கில் கடன் வாங்கவோ போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். அசல் பத்திரம் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, பத்திரிகையில் விளம்பரம் போட்டு, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று வாங்கி அலைய வேண்டியிருக்கும். வில்லங்கச் சான்று அப்படி இல்லை, பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்து எடுத்துக்கொள்ளலாம், ஆகவே பழைய வில்லங்கச் சான்று நகல்களுக்காக ஒரு பெட்டியை ஒதுக்க வேண்டாம். சொத்து வரி ரசீதில் கடைசி சில வருஷத்தையும், தாத்தா பேரில் இருக்கிற மிகப் பழையது ஒன்றிரண்டையும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். கரன்ட் பில், போன் பில், கேஸ் ரசீது எதுவும் வேண்டாம்.

அடுத்தது அப்பாவின் ஓய்வூதிய உத்தரவு. அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார் என்றால் அதன் அசல், பேங்க் புத்தகம், ஆதார் நகல், வருஷா வருஷம் கொடுக்கிற உயிர்வாழ் சான்றின் ரசீது நான்கும் ஒரே உறையில் இருக்க வேண்டும், அதை அம்மா எங்கே என்று கேட்டவுடன் கை நீட்டி எடுக்கிற இடத்தில் வையுங்கள். பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், சூட்டில் மை கெடும், அப்புறம் பிரிக்கவும் முடியாது. தாள் தாளாகப் பிளாஸ்டிக் ஃபோல்டரில் போட்டாலே போதும். வாரன்டி பில் மாதிரி பளபளப்புத் தாளில் அச்சான ரசீது தானாகவே வெளுத்துப் போகும், அதை மட்டும் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள்.

பழைய பாஸ்புக் கண்ணில் பட்டால் கிழிக்காதீர்கள். பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கில் இருக்கிற பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனால் வாரிசு கேட்டால் அந்த பேங்கே திருப்பித் தர வேண்டும். எந்த பேங்கில் இருக்கிறது என்று தேட ரிசர்வ் வங்கி 2023இல் உத்கம் என்று ஒரு இணையதளம் கொண்டு வந்தது, அப்பா பேரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். காகித ஷேர் சான்றிதழ் இருந்தாலும் இதே கதைதான், தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்காமல் விட்டால் ஷேரே முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும், அதையும் கேட்டு வாங்கலாம், கொஞ்சம் இழுக்கும்.

இன்னொன்று. உங்கள் தாத்தா பி அண்ட் சி மில்லில் இருந்தார் என்கிறீர்கள். அந்த மில் 1996இல் மூடியது. 1918இல் தொடங்கிய சென்னை தொழிலாளர் சங்கம் அந்த மில் தொழிலாளர்களை வைத்து வந்ததுதான், இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்று. சங்கச் சந்தா ரசீது, உறுப்பினர் அட்டை, துண்டறிக்கை, வேலைநிறுத்தக் காலத்துப் படம் ஏதாவது பெட்டி அடியில் இருந்தால் அதைக் கிலோவுக்குப் போட மனசு வரக்கூடாது. வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, முக்கியமான ஃபைல் எதையும் பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் நம் பக்கம் எத்தனை வீட்டில் பத்திரம் நனைந்து வெயிலில் காய வைத்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

காயலான்_கடைப்_பையன் எழுதியது:

வியாசர்பாடியில் எங்களுடையது காயலான் கடை, அப்பா காலத்திலிருந்து. யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள், வியாபாரம் எப்படி நடக்கிறது என்று உள்ளே இருந்து சொல்கிறேன்.

மொத்தமாக "இந்த ரூம்ல இருக்கிறதை எல்லாம் எடுத்துக்கோ, என்ன குடுப்பே" என்று கேட்டீர்கள் என்றால் உங்கள் பித்தளையையும் நாங்கள் இரும்பு விலைக்குத்தான் எடுப்போம், அது எங்களுக்கு நல்லது, உங்களுக்கு நல்லதில்லை. செம்பு, பித்தளை, அலுமினியம், எவர்சில்வர், இரும்பு என்று தனித்தனி மூட்டையாகக் கட்டி வையுங்கள், விலையும் அதே வரிசையில்தான் ஏறக்குறைய இறங்கும். பித்தளைக் குழாய்க்குள் இரும்பு ஸ்க்ரூ இருந்தால் கழற்றிவிடுங்கள், ஒட்டு இருந்தால் கடைக்காரர் மொத்தத்துக்கும் விலை குறைப்பார். எவர்சில்வரில் காந்தம் வைத்துப் பாருங்கள், இழுத்துப் பிடித்தால் அது மட்டமான ரகம். பேப்பரும் அப்படித்தான், நியூஸ் பேப்பர், நோட்டு புத்தகம், அட்டைப்பெட்டி மூன்றுக்கும் மூன்று விலை. வீட்டில் கொக்கித் தராசு ஒன்று இருந்தால் நீங்களே ஒரு தரம் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், தள்ளுவண்டிக்காரர் தராசைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

சீர்ப் பாத்திரம் புதிதாக இருந்தால் எங்களிடம் போடாதீர்கள். பாத்திரக்கடையில் பழசுக்குப் புதுசு மாற்றும்போது எங்களை விடக் கொஞ்சம் கூடவே கழிப்பார்கள், மகளுக்கு டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் என்று வாங்கிக்கொள்ளலாம்.

டிவி விஷயத்தில் கவனம். அந்தக் குண்டு டிவி கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. சில பேர் வாங்கிப் போய் உள்ளே இருக்கிற செம்புக் கம்பிக்காகப் பின்கழுத்தை உடைத்துவிட்டுக் கண்ணாடியைக் கால்வாய் ஓரம் போட்டுவிடுவார்கள், ஒயரை எரித்துச் செம்பு எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அந்தப் புகையை மூச்சில் வாங்குகிறது நம் பிள்ளைகள்தான். மின்கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள், பணம் பெரிதாக வராது. டியூப் லைட்டும் சுருள் பல்பும் பாதரசம் உள்ளவை, உடைத்து மூட்டை கட்டாதீர்கள். பிரிக்காத கிரைண்டர் ஓடும், கேட்பதற்கு ஆள் இருப்பார்கள், தெருவிலேயே புதுக் குடித்தனம் வந்தவர்களுக்குக் கொடுங்கள்.

மெத்தையை நாங்கள் யாரும் எடுக்க மாட்டோம். இலவம்பஞ்சு என்றால் பஞ்சை அடித்து, உறை மாற்றி, புதுசாகத் தைத்துத் தருகிற கடைகள் இன்னும் இருக்கின்றன, ஒன்றை மட்டும் அப்படிச் செய்யுங்கள். ஃபோம் மெத்தை, உடைந்த சோபா, கட்டில் போன்றதற்கு மாநகராட்சிக்கு 1913 என்ற போன் எண்ணில் சொல்லி வையுங்கள், பெரிய சாமான்களைச் சனிக்கிழமையில் வந்து எடுக்கிறார்கள். எரிக்கிற பேச்சு வேண்டவே வேண்டாம், 2018 போகி அன்றைக்கு விமானமே இறங்க முடியாத அளவுக்குப் புகை நின்றது நினைவிருக்கும்.

போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு தரம் உதறுங்கள். அரிசி டின், தலையணை உறை, பஞ்சாங்கம், சாமி படத்தின் பின்பக்க அட்டை. எங்கள் கடைக்கு வந்த பழைய டின்னில் தோடு இருந்திருக்கிறது, கொண்டு போய்க் கொடுத்தோம், எல்லோரும் கொடுப்பார்கள் என்று இருக்காதீர்கள். 2016இல் செல்லாமல் போன ஐநூறு, ஆயிரம் கிடைத்தால் ஞாபகத்துக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம், பத்துக்கு மேல் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம்.

பழைய பட்டுப்புடவை இருந்தால் தெருவில் கூவி வருகிறவரிடம் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். பழைய காஞ்சிபுரம் ஜரிகையில் வெள்ளி இருக்கும், அதற்குத்தான் அவர்கள் வருகிறார்கள். ஜரிகை இழை ஒன்றைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும், அப்படித் தெரிந்தால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மருமகள்_பேசுகிறேன் எழுதியது:

எல்லோரும் நன்றாகச் சொல்கிறீர்கள், பேர் ஒட்டுவது, வீடியோ கால் போடுவது, ஆடி வரை காத்திருப்பது எல்லாம் சரி, அதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை வந்துவிடும். பத்தாவது பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில்! முதலில் மேசை போடுகிற இடத்தை மட்டும் காலி செய்யுங்கள். ஜன்னல் பக்கமா, கரன்ட் பிளக் பக்கமா என்று பார்த்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் இருப்பதை மட்டும் வேறு பக்கம் நகர்த்தி, மேசையைப் போட்டுவிடுங்கள். பேத்தி அங்கே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டால் பாட்டியே "அந்த நாற்காலியைத் தூக்கிப் போடுடா, புள்ளைக்கு இடிக்குது" என்பார். பேரன் பேத்திக்காக அசைகிற மனசு மகன் சொல்லுக்கு அசையாது.

உங்கள் மனைவி ஏன் பேசுவதில்லை என்று உங்களுக்குப் புரியவில்லையா? அந்த வீட்டில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் காணாமல் போனாலும் மருமகள்தான் எறிந்தாள் என்று ஆகும். நீங்கள் கேட்ட நான்கு கேள்வியில் "என் மனைவியின் பொருளுக்கு இடம் எங்கே" என்பது இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகி வந்தபோது பீரோவில் ஒரு தட்டு கொடுத்தார்கள், ஒரே ஒரு தட்டு, அதிலும் கீழே மாமனாரின் வேட்டி இருந்தது. ஆகவே அறை காலியானதும் முதல் அலமாரி யாருக்கு என்று இப்போதே பேசி வையுங்கள். அம்மா இல்லாத நேரத்தில் சாமானைக் கடத்துகிற வேலை மட்டும் வேண்டாம், அந்தப் பழியும் கடைசியில் எங்கள் மேல்தான் விழும்.

கேரம் போர்டைப் போடச் சொல்வீர்களோ என்று பயந்தேன், நல்ல வேளை யாரும் சொல்லவில்லை. 2024இல் அமெரிக்காவில் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காஸிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். கட்டிலுக்கு அடியில் வையுங்கள், பிள்ளைகள் பரீட்சை முடிந்ததும் எடுப்பார்கள்.

பள்ளிப் புத்தகம் கட்டுக்கட்டாக இருந்தால் அட்டையைத் திருப்பி வருஷத்தைப் பாருங்கள். 2018-19 தொடங்கிப் பாடத்திட்டம் மாறிவிட்டது, அதற்கு முந்தையது படிக்க உதவாது. கதைப் புத்தகம், அகராதி எல்லாம் கிளை நூலகத்தில் கேளுங்கள், இல்லையென்றால் சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைக்காரர்கள் வாங்குவார்கள்.

காசிமேடு_மேஸ்திரி எழுதியது:

நான் கட்டட வேலை செய்பவன். சாமானை விடுங்கள், கூரையைப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்குச் சட்டம், அதன் மேல் செங்கல், சுண்ணாம்பு. பல வருஷம் சாமான் அடைத்துக் கிடந்த அறையில் சுவர் ஓதமடித்துக் கரையான் ஏறிச் சட்டத்தின் முனை வரை போயிருந்தாலும் வெளியே தெரியாது. காலி செய்யும்போது டார்ச் அடித்து, சட்டம் சுவருக்குள் போகிற இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், மெத்தென்று உள்ளே போனால் மேசை போடுவதற்கு முன் ஆளைக் கூப்பிடுங்கள். புள்ளை உட்காரப் போகிற இடம்.

திரும்ப அடுக்கும்போது சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், கை நுழைகிற அளவு இடைவெளி விடுங்கள். மரத்தூள் பலகையில் செய்த அலமாரி நம் பகுதிக்கு உதவாது, ஒரு தரம் தண்ணீர் ஏறினால் ரொட்டி மாதிரி ஊறி உப்பிவிடும். சுவரில் கடப்பாக் கல் பதித்து மூன்று தட்டு, முதல் தட்டு இடுப்பு உயரத்தில். பரணில் இருக்கிற வெயிட்டைக் குறைத்துவிட்டுப் பெட் ஷீட், தலையணை மாதிரி லேசானதை மட்டும் ஏற்றுங்கள்.

வண்ணை_மேற்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தேவி அக்கா சொன்ன டேப்பும் மருமகள் சொன்ன சாக்பீஸும் இரண்டையும் சேர்த்துச் செய்தோம். மேசை ஜன்னல் பக்கம் போட்டாயிற்று, மகள் படிக்கிறாள், அவள் தலைக்கு மேல் சட்டத்தைக் குத்திப் பார்த்ததில் கெட்டியாக இருக்கிறது, கொல்லைப் பக்க மூலையில் மட்டும் கொஞ்சம் பொடி உதிர்ந்தது, மேஸ்திரி ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா பேர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிக்கு யார் பேரும் வரவில்லை, அம்மாவே தூக்கி வெளியே போட்டார். பெரியக்கா வீடியோ காலில் குடங்களைப் பார்த்துவிட்டு "இன்னும் வெச்சிருக்கியாம்மா" என்று அழுதுவிட்டாள், நான் பயந்துவிட்டேன், அப்புறம் அவளே எல்லாம் வேண்டாம், தன் பேர் வெட்டின சின்னக் குடம் ஒன்று போதும் என்றாள். சின்னக்கா மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள், அவள் வீடு எங்கள் வீட்டை விடச் சின்னது, அது அவள் பாடு.

அப்பாவின் பெட்டியில் ஓய்வூதிய உத்தரவு அசலே கிடைத்தது, ராயபுரம் ஐயாவுக்குத் தனி நன்றி, இத்தனை நாள் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு அசல் என்று நினைத்திருந்தோம். தாத்தாவின் சந்தா ரசீதுகளும் இருந்தன, பூச்சி அரித்தது போக ஒரு கை அளவு. தம்பி அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டதிலிருந்து ஆளாளுக்குக் கேட்கிறார்கள், யாருக்குக் கொடுப்பது என்று அடுத்த சண்டை ஆரம்பித்திருக்கிறது.

முதல் கடப்பாத் தட்டு என் மனைவிக்கு என்று அம்மா முன்னிலையில் சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தையல் மிஷினை மட்டும் அதற்குக் கீழே நகர்த்தி வைத்துக்கொண்டார்.

விசிஆர்தான் தீரவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன், "நான் வந்து பார்த்துக்கிறேன்" என்றான். தேவி அக்கா சொன்ன மாதிரி ஒரு தேதி சொன்னேன், அதற்கு அவன் சிங்கப்பூர் போன மாமா கொடுத்த டேப்ரெக்கார்டரும் பரணில் இருக்கிறது, அதையும் பத்திரமாக எடுத்து வை என்கிறான். பெல்ட் போன பழைய டேப்ரெக்கார்டர் ரிப்பேர் செய்கிற ஆள் பெரம்பூர், மின்ட் பக்கம் யாராவது இன்னும் இருக்கிறார்களா? தெரிந்தால் சொல்லுங்கள், அம்மா அதில் ஏதோ பாட்டு கேட்க வேண்டும் என்கிறார்.